நியோபியம் எங்க போச்சு?

ஐசிபி-எம்எஸ்னு ஒரு மெஷின், பாறையில எந்தத் தனிமம் எவ்வளவு இருக்குன்னு அளக்கும். அதுல என்னோட முதல் ரிசல்ட் வந்த அன்னிக்கு ஏதோ பெருசா கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சேன். அந்த நெனப்பு ஒன்றரை நாள் ஓடுச்சு.

18 சாம்பிள். எல்லாம் ஒரு பழைய எரிமலை வளைவுல எடுத்த பாறைங்க, அதாவது ஒரு கடல்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில போய் முங்குனதால உண்டான எரிமலைங்களோட மிச்சம். ஒவ்வொரு சாம்பிளுக்கும் 40 சொச்சம் தனிமம், எல்லாம் பிபிஎம் கணக்குல, பத்து லட்சத்துல எத்தனை பங்குன்னு. எங்க துறையில இந்த நம்பரை அப்படியே யாரும் பாக்க மாட்டாங்க. ஆதிகால மேன்டில்ல, அதாவது பூமியோட ஓட்டுக்கு அடியில இருக்கிற தடிச்ச பாறை அடுக்குல, எது எவ்வளவு இருந்திருக்கும்னு ஒரு அட்டவணை இருக்கு, அதால ஒவ்வொண்ணையும் வகுத்து, தனிமங்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில நிறுத்தி, புள்ளியெல்லாம் சேத்து கோடு போடுவாங்க. அதுக்குப் பேரு ஸ்பைடர் டயக்ராம். சிலந்திக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

இந்த மாதிரி எரிமலைப் பாறைக்கு அந்தக் கோடு எப்படி இருக்கணும்னு முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும். சீசியம், பேரியம், ஈயம், ஸ்ட்ரான்ஷியம் எல்லாம் மேல முட்டி நிக்கும், நியோபியம் டான்டலம் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல பள்ளத்துல கெடக்கும். என் கோட்டுல நியோபியம் பள்ளத்துலதான் இருக்கு, ஆனா அடுத்த புள்ளி டான்டலம் சர்ருன்னு மேல ஏறியிருக்கு. 18லயும். இது ரெண்டும் ரெட்டைப் பிறவிங்க, ஒரே சார்ஜ், கிட்டத்தட்ட ஒரே சைஸ், சாதாரணமா எந்தப் பாறையை எடுத்தாலும் டான்டலத்தை விட நியோபியம் 15, 17 மடங்கு இருக்கும். எனக்கு 4, 5ன்னு வருது. ரெட்டைப் பிறவியைப் பிரிக்கிற ஏதோ ஒரு வினோதம் அடியில நடந்திருக்கு, அதை நான்தான் முதல்ல பாக்கறேன்னு முடிவே பண்ணிட்டேன், கட்டுரைக்குத் தலைப்பு கூட மனசுக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு.

லேப்ல ரொம்ப வருஷமா இருக்கிற சீனியர் ஒருத்தர்கிட்ட காட்டுனேன். அஞ்சு செகண்ட் பாத்தாரு. "எதுல அரைச்சப்பா?"

"டங்ஸ்டன் கார்பைடு மில்லு சார்."

"டங்ஸ்டன் எவ்வளவு வந்திருக்குன்னு பாத்தியா?"

பாக்கல. என் படத்துல டங்ஸ்டன் கெடையாது, அதனால பாக்கல. போய்ப் பாத்தா நூத்துக்கணக்குல பிபிஎம், கோபால்டும் தேவையில்லாம எகிறியிருக்கு. டங்ஸ்டன் கார்பைடு ரொம்பக் கெட்டியான பொருள், பாறையை ரெண்டு நிமிஷத்துல மாவாக்கிடும், ஆனா அரைக்கும்போது தானும் கொஞ்சம் தேயும், தேயும்போது டங்ஸ்டனோட கோபால்ட், டான்டலம் எல்லாம் மாவுக்குள்ள இறங்கும். இந்த வகைப் பாறையில டான்டலமே 0.1 பிபிஎம் மாதிரிதான் இருக்கும், அதுல மில்லுல இருந்து ஒரு துளி வந்து விழுந்தா போதும். நான் கண்டுபிடிச்சது பூமியோட ரகசியம் இல்ல, அரவை மெஷினோட ரகசியம். 18 கல்லையும் திரும்ப உடைச்சு அகேட் கல் மில்லுல மெதுவா அரைச்சு, திரும்ப ஆசிட்ல கரைச்சு, ரெண்டு மாசம் போச்சு. கரைக்கிறது ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்ல, தோல்ல பட்டா ஒடனே எரியாம உள்ள எலும்பு வரைக்கும் போற சனியன் அது, பக்கத்துல கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை வெச்சுக்கிட்டுத்தான் வேலை. ரெண்டாவது தடவை டான்டலம் ஒழுங்கா பள்ளத்துல போய்ப் படுத்துச்சு.

அந்தப் பள்ளத்தைப் பத்திதான் இந்தப் பதிவு. ஏன்னா அந்த ரெண்டு மாசம் மாவு அரைச்சுக்கிட்டே நான் யோசிச்சதெல்லாம், இருக்கிற தனிமத்தை விட இல்லாத தனிமம் எவ்வளவு பேசுதுங்கறதைத்தான். செம்புச் சுரங்கம் தேடுறவங்க கூட செம்பைப் பாத்துத் தேடறதில்லங்கறது அப்புறமாத்தான் தெரிஞ்சுது.

நியோபியம் ஏன் காணாம போகுது? மேக்மா, அதாவது உருகின பாறை, படிகமாகும்போது ஒவ்வொரு கனிமத்துக்குள்ளயும் குறிப்பிட்ட அளவுல, குறிப்பிட்ட சார்ஜோட எடம் இருக்கும், அந்த எடத்துக்குப் பொருந்தற அயனி உள்ள போகும், பொருந்தாதது திரவத்துலயே தங்கிடும். கோல்ட்ஷ்மிட்ங்கற புவிவேதியியல் ஆராய்ச்சியாளர் நூறு வருஷம் முன்னாடியே இந்தக் கணக்கைப் பிடிச்சுட்டாரு. சீசியம், பேரியம் எல்லாம் உடம்பு பெருத்தவங்க, மேன்டில் கனிமங்கள் எதுலயும் அவங்களுக்கு எடம் கெடைக்காது. நியோபியம், டான்டலம் சின்ன சைஸ்தான், ஆனா சார்ஜ் அஞ்சு, அதனால அவங்களும் வெளியில. மேன்டில் பாறை உருகும்போது இந்த ரெண்டு கோஷ்டியும் முதல் ஆளா திரவத்துக்குள்ள குதிச்சு ஓடி வரணும். நடுக்கடல் மலைத்தொடர்லயும் ஹவாய் மாதிரி எடத்துலயும் அப்படித்தான் வருது, ரெண்டு கோஷ்டியும் ஒண்ணா. சப்டக்‌ஷன் எரிமலைல, அதாவது தட்டு முங்குற எடத்து எரிமலைல, மட்டும் ஒரு கோஷ்டி வந்திருக்கு, இன்னொண்ணு வரல.

வித்தியாசம் தண்ணிதான். பெரிய அயனிங்க சூடான தண்ணியில நல்லா கரையும், நியோபியமும் டான்டலமும் கரையவே கரையாது. முங்குற தட்டு கோடிக்கணக்கான வருஷம் கடலுக்கு அடியில கெடந்து ஊறினது, அதோட கனிமங்களுக்குள்ளயே தண்ணி பூட்டி வெச்சிருக்கு, செர்பென்டைன்னு ஒரு கனிமம் இருக்கு அதோட எடையில 12, 13 சதவீதம் தண்ணி. தட்டு கீழ போகப் போக அழுத்தமும் சூடும் ஏறி ஒவ்வொரு கனிமமா உடைஞ்சு தண்ணியை விட்டுடும், அந்தத் தண்ணி பேரியத்தையும் ஈயத்தையும் கரைச்சுக்கிட்டு மேல இருக்கிற மேன்டிலுக்குள்ள ஏறும். நியோபியம் தட்டுலயே நின்னுடும், ரூட்டைல்னு ஒரு டைட்டானியம் கனிமம் அதைக் கெட்டியாப் புடிச்சு வெச்சுக்கும். ரூட்டைலோட பங்கு எவ்வளவு, சும்மா கரையாததோட பங்கு எவ்வளவுன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க, அதுக்குள்ள நான் போகல. தண்ணி வழியா ஒரு சரக்கு கைமாறியிருக்குங்கறதுக்கு அந்தப் பள்ளம்தான் ரசீது.

ஈயத்துலயும் இதே கதை. கடல் நடுவுல வர்ற பசால்ட்ங்கற கருப்பு எரிமலைப் பாறைங்கள்ல சீரியத்தை ஈயத்தால வகுத்தா உலகம் பூரா 25ஐ ஒட்டித்தான் வரும், இந்த எரிமலை வளைவுகள்ல பெரும்பாலும் 10க்குக் கீழ. ஈயம் கூடுதலா வந்து சேந்திருக்கு.

இதெல்லாம் ரேஷியோ வெச்சுப் பேசறது, நேரடி சாட்சி இருக்கான்னு கேட்டா, இருக்கு, எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் புடிச்ச விஷயம் அதுதான். பெரிலியம்-10. அது பூமிக்குள்ள உண்டாகறதே இல்ல, வானத்துல காஸ்மிக் கதிர் வந்து ஆக்சிஜன், நைட்ரஜன் மேல மோதும்போது உண்டாகி, மழையோட இறங்கி, கடலடிச் சேத்துல படியும். அரைவாழ்வு சுமார் 14 லட்சம் வருஷம், அதனால ஒரு ஒன்றரைக் கோடி வருஷம் போனா ஒண்ணும் மிஞ்சாது. 1982ல எரிமலை வளைவோட லாவாவுல அதைக் கண்டுபிடிச்சாங்க. மேகத்துக்கு மேல பிறந்த அணு, மழையில இறங்கி, கடல் சேத்துல படுத்து, தட்டோட சேந்து 100 கிலோமீட்டர் கீழ போய், மேக்மாவுல ஏறி எரிமலை வாய் வழியா வெளிய வந்திருக்கு, அதுவும் அது அழிஞ்சு போறதுக்குள்ள. சேறெல்லாம் கீழ போகாது, மேல் தட்டு அதைச் சொரண்டி எடுத்துடும்னு வாதாடிட்டு இருந்தவங்களுக்கு அதுக்கு அப்புறம் பேச்சு குறைஞ்சுது. கடைசிப் பயணம் இன்னும் வேகம். ரேடியம்-226க்கு அரைவாழ்வு 1,600 வருஷம்தான், அது சிதைஞ்சு உண்டாகற தாய்த் தனிமத்தோட அளவுக்குப் பொருந்தாத அளவுக்குக் கூடுதல் ரேடியம் பசிபிக்கோட டோங்கா தீவுகள் மாதிரி எடத்து லாவாவுல இருக்கு, அப்போ தண்ணி தட்டை விட்டுக் கெளம்பி லாவாவா வெளிய வர சில ஆயிரம் வருஷம்தான் ஆயிருக்கணும். புவியியல்ல சில ஆயிரம் வருஷம்னா கண் சிமிட்டற நேரம்.

சரி, தண்ணி உள்ள போச்சு. பாறை உருகுற வெப்பநிலையை தண்ணி நூத்துக்கணக்கான டிகிரி இறக்கிடும், அதனால சூடு ஏறாமலே மேன்டில் உருகுது. அப்படி வர்ற மேக்மாவுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு லாவாவைப் பாத்தா தெரியாது, வெளிய வரும்போதே ஆவியாப் போயிடும், ஆனா ஆலிவின்ங்கற கனிமத்தோட படிகம் வளரும்போது மேக்மாவோட துளியை உள்ள வெச்சு மூடிக்கும், அந்தக் கண்ணாடித் துளியை அளந்து பாத்தாங்க. உலகம் முழுக்க எரிமலை வளைவுகள்ல சராசரி 4 சதவீதத்தை ஒட்டி வருது. நடுக்கடல் பசால்ட்ல 0.1, 0.2, மிஞ்சினா 0.3. இந்த 4 சதவீதம்தான் கதையோட மீதி எல்லாத்துக்கும் காரணம்.

இப்போ செம்புக்கு வரேன். உலகத்துல வெட்டற செம்புல கிட்டத்தட்ட முக்கால்வாசி போர்ஃபிரிங்கற ஒரே வகை தாதுப்படிவுல இருந்து வருது, மாலிப்டினத்துல பாதி, தங்கத்துல அஞ்சுல ஒரு பங்கு கூட அதுலதான். சிலி நாட்டோட எல் டெனியென்டே, சுக்கிகமாட்டா, எஸ்கோண்டிடா, இந்தோனேசியாவோட கிராஸ்பெர்க், அமெரிக்காவோட பிங்கம் கேன்யன், எல்லாம் இந்த இனம். பெரும்பாலானது இப்பவோ எப்பவோ தட்டு முங்குன எடத்துல உக்காந்திருக்கு. 1972ல சில்லிட்டோங்கற புவியியலாளர் இதையும் பிளேட் டெக்டானிக்ஸையும், அதாவது தட்டுங்க நகர்ற கதையையும், சேத்து எழுதினாரு. படிச்ச ஒடனே எல்லாருக்கும் தோணுற விடை, அங்க வர்ற மேக்மாவுல செம்பு ஜாஸ்தி போலன்னு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

ஆனா ஜாஸ்தி இல்ல. ஒரு சாதாரண வளைவு மேக்மாவுல செம்பு 50ல இருந்து 100 பிபிஎம், நடுக்கடல் பசால்ட்லயும் அதே கணக்குதான். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாப்போம், நான் நிஜமாவே ஒரு பழைய பேப்பர் பின்னாடி போட்ட கணக்கு இது. 1 கோடி டன் செம்பு இருக்கிற ஒரு தாதுப்படிவு, பெருசுதான் ஆனா ராட்சஸ சைஸ் இல்ல. மேக்மாவுல 50 பிபிஎம்னா, ஒரு துளி விடாம பிழிஞ்சு எடுத்தாக்கூட 20,000 கோடி டன் மேக்மா வேணும், கிட்டத்தட்ட 80 கன கிலோமீட்டர். அஞ்சுல ஒரு பங்குதான் பிழிய முடியுதுன்னா 400. அது ஒரே எரிமலைக்கு அடியில, ஒரே குழாய் வழியா, ஒரு சில கிலோமீட்டர் அகல எடத்துல கொண்டுவந்து கொட்டணும். தாதுவுல 0.5 சதவீதம் செம்புன்னா அது 5,000 பிபிஎம், அதாவது 100 மடங்கு செறிவு. யாரு செறிவாக்கறது? தண்ணிதான். அந்த 80 கன கிலோமீட்டர் மேக்மாவுல 4 சதவீதம்னா 800 கோடி டன் தண்ணி.

ஆனா தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஒரு வில்லன் இருக்கான். கந்தகம்.

மேக்மாவுல கந்தகம் அளவுக்கு மீறினா சல்ஃபைடு திரவமா, குட்டிக் குட்டிச் சொட்டா பிரிஞ்சுடும். செம்புக்கு அந்தச் சொட்டு மேல அப்படி ஒரு மோகம், மேக்மாவுல இருக்கிறதை விட ஆயிரம் மடங்கு செறிவுல அதுக்குள்ள போய் உக்காரும், தங்கம் அதை விட மோசம். சொட்டு கனமானது, கீழ இறங்கிடும். பூமிக்கு அடியில 40, 50 கிலோமீட்டர்ல அப்படி இறங்கிடுச்சுன்னா செம்பு அங்கயே போச்சு, மேல வர்ற மேக்மா வெறும் கை. இதைத் தடுக்கறது என்னன்னா ஆக்சிஜன். மேக்மா கொஞ்சம் ஆக்சிஜனேறியதா இருந்தா கந்தகம் சல்ஃபைடா இல்லாம ஆக்சிஜனோட சேந்து சல்ஃபேட்டா மாறிடும், சல்ஃபைடா இருந்தா பசால்ட் மேக்மா தாங்கக்கூடிய கந்தகம் 0.1 சதவீதம் சொச்சம், சல்ஃபேட்டா இருந்தா 1 சதவீதத்துக்கு மேலயே தாங்கும். அப்போ சொட்டு பிரியாது, செம்பு தப்பிக்கும்.

1991 ஜூன் 15ல பிலிப்பைன்ஸோட பினாடுபோ எரிமலை வெடிச்சப்போ 1.5ல இருந்து 2 கோடி டன் சல்ஃபர் டையாக்சைடு மேல போச்சு, உலகமே அரை டிகிரி கிட்ட குளிர்ந்துச்சு, அது செய்தியில வந்தது. எனக்கு முக்கியமா பட்டது அதோட பியூமிஸ் கல்லு, எரிமலை நுரைக்கல்லு. அதுக்குள்ள அன்ஹைட்ரைட் படிகம், கால்சியம் சல்ஃபேட், மேக்மாவுல இருந்தே வளந்தது. 1982ல மெக்சிகோவோட எல் சிச்சோன் வெடிச்சப்பவும் இதேதான். பழைய எரிமலைகள்ல ஏன் இது கண்ணுல படலன்னா, அன்ஹைட்ரைட் தண்ணியில கரையும், சில மழை போனா கல்லுல வெறும் ஓட்டைதான் மிஞ்சும். சாட்சி இருந்துச்சு, மழை கழுவிட்டுப் போயிடுச்சு. பதிவு எழுத உக்காந்தப்போ கூட இதை நெனச்சா ஆச்சரியமா இருக்கு, எத்தனை எத்தனை பழைய பாறைல இப்படி ஓட்டையைப் பாத்துட்டு 'ஏதோ சிதைஞ்சிருக்கு'ன்னு தாண்டிப் போயிருப்போம்.

ஆக்சிஜன் எவ்வளவு இருந்துச்சுன்னு களத்துலயே ஓரளவுக்குத் தெரிஞ்சுக்க முடியும். ஜப்பான்ல இஷிஹாரா 1977ல கிரானைட்டுகளை ரெண்டா பிரிச்சாரு, மேக்னடைட்ங்கற காந்த இரும்புக் கனிமம் இருக்கிறது ஒண்ணு, அது இல்லாம இல்மனைட்ங்கற இரும்பு-டைட்டானியம் கனிமம் மட்டும் இருக்கிறது ஒண்ணு. முதலாவது ஆக்சிஜனேறினது, அதோட செம்பும் மாலிப்டினமும் வரும், ரெண்டாவதோட வெள்ளீயமும் டங்ஸ்டனும். கையடக்கமான காந்த ஏற்புத்திறன் மீட்டரைப் பாறை மேல வெச்சா போதும், நம்பர் சொல்லிடும். கோடிக்கணக்குல செலவு பண்ணி ஐசோடோப் அளக்கற உலகத்துல இந்த மாதிரி எளிமையான சோதனை மேல எனக்குத் தனி மரியாதை.

வளைவு மேக்மாவுக்கு இந்த ஆக்சிஜன் எங்க இருந்து வந்துச்சுங்கறதுல பெரிய சண்டை. முங்குற தட்டே சல்ஃபேட்டைக் கொண்டுவருதுன்னு ஒரு கட்சி, இல்ல மேக்மா ஆழத்துல கார்னட்ங்கற கனிமத்தைப் படிகமாக்கும்போது அது ஃபெரஸ் இரும்பை, அதாவது ஆக்சிஜனேறாத இரும்பை, எடுத்துக்குது மிச்சம் தானா ஆக்சிஜனேறுதுன்னு இன்னொரு கட்சி. என்னைக் கேட்டா தட்டு பக்கம்தான் சாய்வேன், ஆலிவின் துளியில தண்ணியும் ஆக்சிஜனேற்றமும் சேந்தே ஏறுறதைப் பாத்தா வேற மாதிரி யோசிக்க கஷ்டமா இருக்கு. ஆனா பெட் கட்ட மாட்டேன்.

அடுத்தது ஸ்ட்ரான்ஷியமும் யிட்ரியமும். இதுதான் இன்னிக்கு சுரங்கக் கம்பெனிக்காரங்க முதல்ல பாக்கற நம்பர். மேக்மாவுல தண்ணி கம்மின்னா பிளஜியோகிளேஸ்ங்கற வெள்ளைக் கனிமம் சீக்கிரமே படிகமாகும், ஸ்ட்ரான்ஷியத்தை வாரி உள்ள போட்டுக்கும், மிச்ச மேக்மாவுல ஸ்ட்ரான்ஷியம் கொறையும். தண்ணி நெறைய இருந்தா பிளஜியோகிளேஸ் தள்ளிப்போகும், அதுக்கு பதிலா ஆம்ஃபிபோல்ங்கற கருப்புக் கனிமம் முந்திக்கும், ஆழம் ஜாஸ்தின்னா கார்னட்டும் வரும், அது ரெண்டும் யிட்ரியத்தை இழுத்துக்கும். அதனால தண்ணி நெறைய இருந்த, ஆழத்துல ஊறின மேக்மாவுல ஸ்ட்ரான்ஷியம் மேல, யிட்ரியம் கீழ, வகுத்தா 20க்கு மேல, சில சமயம் 100 வரைக்கும். அலாஸ்கா பக்கத்து அலூஷியன் தீவுகள்ல அடாக்னு ஒரு தீவு, அதை வெச்சு 1990ல இந்த மாதிரி பாறைக்கு அடாகைட்னு பேரு வெச்சாங்க, இளசா சூடா இருக்கிற தட்டே உருகினதுதான் இதுன்னு. அதுக்கு அப்புறம் எங்க ஸ்ட்ரான்ஷியம் கூடுதலா வந்தாலும் தட்டு உருகிடுச்சுன்னு எழுதற ஒரு காலம் வந்துச்சு, சும்மா சாதாரண மேக்மா தண்ணியோட ஆழத்துல படிகமானாலே இதே நம்பர் வரும்னு மத்தவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. பேரு வெச்சுட்டா விளக்கம் குடுத்த மாதிரி ஆயிடுதுங்கறதுக்கு எங்க துறையில இதை விட நல்ல உதாரணம் கெடைக்காது.

யூரோப்பியமும் அதே பிளஜியோகிளேஸ் பின்னாடிதான் போகும், ஆனா சார்ஜ் ரெண்டா இருந்தா மட்டும். ஆக்சிஜன் ஜாஸ்தின்னா அது மூணா மாறிடும், பிளஜியோகிளேஸ் கதவைச் சாத்திடும். அப்போ யூரோப்பியம் பள்ளம் பெருசா இருந்தா மேக்மா வறண்டது அல்லது ஆக்சிஜன் கம்மி, பள்ளமே இல்லன்னா தண்ணியும் ஆக்சிஜனும் ரெண்டும் இருந்திருக்கு. நியோபியம் பள்ளம் இருக்கணும், யூரோப்பியம் பள்ளம் இருக்கக் கூடாது. இந்த சோதனைங்கள்ல எதுலயும் செம்போட அளவு வரவே இல்ல பாருங்க.

செம்பைப் பாத்தா என்ன தெரியும்? குழப்பம்தான் தெரியும். கடல் நடுவுல இருக்கிற மெல்லிசான வளைவுகள்ல மேக்மா மாறிக்கிட்டே வரும்போது செம்பு கொஞ்ச தூரம் வரைக்கும் தாக்குப் பிடிக்குது. தென் அமெரிக்காவோட ஆண்டீஸ் மலை மாதிரி பூமியோட ஓடு தடிச்ச எடத்துல, சில எடத்துல 70 கிலோமீட்டர் தடிமன், அங்க ஆரம்பத்துல இருந்தே செம்பு இறங்கிக்கிட்டே வருது. அதாவது சல்ஃபைடு சொட்டு ஆழத்துலயே பிரிஞ்சிருக்கு, நான் சொன்ன வில்லன் ஜெயிச்சிருக்கான். ஆனா உலகத்தோட பெரிய செம்புச் சுரங்கம் பலது எங்க இருக்கு? அந்த ஆண்டீஸ்லதான். செம்பு கம்மியா இருக்கிற மேக்மாதான் செம்பு மலையை உண்டாக்கியிருக்கு.

இதைப் படிச்சப்போ தலையும் புரியல வாலும் புரியல. ஒரு பக்கம், ஆழத்துல விட்டுட்டுப் போன சல்ஃபைடை அடுத்த தவணை மேக்மா வந்து திரும்பக் கரைச்சு எடுத்துட்டு வருதுன்னு சொல்றாங்க. எனக்கு அதை விட நேரான விடைதான் சரியாப் படுது. தடிச்ச ஓட்டுக்கு அடியில மேக்மா ஆழத்துலயே தேங்குது, திரும்பத் திரும்ப வந்து சேருது, லட்சக்கணக்கான வருஷம், சில எடத்துல அதுக்கும் மேல. படிகமாக ஆக மிச்ச மேக்மாவுல தண்ணி ஏறிக்கிட்டே போகுது. ஒவ்வொரு டன்னுலயும் செம்பு கம்மிதான், ஆனா டன்னு கணக்கில்லாம இருக்கு, அதைப் பிழிய தண்ணியும் இருக்கு. 50 பிபிஎம்மா 30 பிபிஎம்மாங்கறது ரெண்டு மடங்கு கூட இல்லாத வித்தியாசம், மேக்மாவோட அளவுலயும் தண்ணியோட அளவுலயும் வர்ற வித்தியாசம் பத்து மடங்கு, நூறு மடங்கு. செம்பு இருந்துச்சாங்கறது கேள்வியே இல்ல, அது எல்லா எடத்துலயும்தான் இருக்கு. தண்ணி எப்போ பிரிஞ்சுது, எவ்வளவு பிரிஞ்சுது, சல்ஃபைடு முந்திச்சா தண்ணி முந்திச்சாங்கறதுதான் கேள்வி.

தண்ணி பிரியறது கடைசியில, மேக்மா சில கிலோமீட்டர் ஆழத்துக்கு வந்த அப்புறம். சும்மா தண்ணி இல்ல, குளோரின் நெறைஞ்ச உப்புத்தண்ணி, செம்பு குளோரைடோட கூட்டு சேந்து அதுல கரைஞ்சு வரும். போர்ஃபிரி தாதுவோட குவார்ட்ஸ் நரம்பை மைக்ராஸ்கோப்ல பாத்தா அந்தத் தண்ணியோட குட்டிக் குமிழி இன்னும் மாட்டிக்கிட்டு இருக்கும், உள்ள ஒரு வாயுக் குமிழி, பக்கத்துல கச்சிதமா சதுரமா ஒரு உப்புப் படிகம். கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி பாறையை உடைச்சுக்கிட்டு ஏறின தண்ணி. முதல் தடவை பாத்தப்போ கொஞ்ச நேரம் ஸ்டேஜை நகத்தவே மனசு வரல. அந்தக் குமிழியை லேசரால சுட்டு அளந்தா செம்பு ஆயிரக்கணக்குல பிபிஎம் வரும், சிலதுல 1 சதவீதம் கூட. அது 400 டிகிரியில இருந்து 300 சொச்சத்துக்குக் குளிரும்போது செம்பு கரைஞ்சு நிக்க முடியாம சால்கோபைரைட்ங்கற செம்புக் கனிமமா படிஞ்சுடும். ஒரு சின்ன வெப்பநிலை இடைவெளியில, ஒரு சின்ன எடத்துல, திரும்பத் திரும்ப.

இது இன்னிக்கும் நடக்குது. பப்புவா நியூ கினியாவோட லிகிர் தீவுல லடோலாம்னு ஒரு தங்கப்படிவு, சுமார் 1,300 டன். அதுக்கு அடியில இப்ப ஓடிட்டு இருக்கிற சூடான உப்புத்தண்ணியை ஆழத்துல இருந்தே எடுத்து அளந்தாங்க, 2006ல வெளிவந்துச்சு. தங்கம் 15 பிபிபிதான், நூறு கோடியில 15 பங்கு. ஆனா ஓட்டத்தோட கணக்குப் போட்டா வருஷத்துக்கு 24 கிலோ. மொத்தப் படிவும் சுமார் 55,000 வருஷத்துல உண்டாகியிருக்கலாம். அதே மாதிரி ஜப்பானுக்கு வடக்க இருக்கிற குரில் தீவுகள்ல இதுருப் தீவோட குத்ரியாவி எரிமலையில வாயு வர்ற வெடிப்புல ரீனியம் சல்ஃபைடு கனிமமாவே படிஞ்சு கெடக்கு, ஜெட் இன்ஜின் பிளேடுல போடற ரீனியம், பூமியோட ஓட்டுல பிபிபி கணக்குல கூட ஒழுங்கா இல்லாத தனிமம்.

லோவெல்னு தாது தேடற புவியியலாளர் ஒருத்தர், அவரு கதையைச் சொல்லாம விட மனசு வரல. அமெரிக்காவோட அரிசோனாவுல சான் மானுவேல்னு ஒரு செம்புச் சுரங்கம் இருந்துச்சு. போர்ஃபிரியைச் சுத்தி பாறை வெங்காயத் தோல் மாதிரி மாறியிருக்கும், நடுவுல பொட்டாசியம் ஏறின பாறை, அடுத்து செரிசைட்ங்கற மெல்லிய மைக்கா, அதுக்கு வெளிய குளோரைட், எபிடோட்ங்கற பச்சைக் கனிமங்க. சான் மானுவேல்ல அந்தத் தோல் முழுசா இல்ல, பாதிதான், ஒரு ஃபால்ட்டுல, பாறை உடைஞ்சு நகந்த பிளவுல, போய் நின்னுடுது. டேவிட் லோவெல் 1960கள்ல அந்தப் பாதியைப் பாத்தாரு, மீதிப் பாதி ஃபால்ட்டுக்கு அந்தப் பக்கம் நகந்து போயிருக்கணும்னாரு, கணக்குப் போட்டு துளை போட்டாங்க, கலமசூங்கற அடுத்த படிவு கெடச்சுது. 1970ல கில்பர்ட்ங்கற இன்னொரு புவியியலாளரோட சேந்து அந்தத் தோல் வரிசையை ஒரு மாடலா எழுதினாரு, இன்னிக்கு வரைக்கும் களத்துல எல்லாரும் கையில வெச்சிருக்கிறது அதைத்தான். 1981ல எஸ்கோண்டிடா கண்டுபிடிச்சதுலயும் அவரு இருந்தாரு. எஸ்கோண்டிடான்னா ஸ்பானிஷ்ல மறைஞ்சிருக்கிறதுன்னு அர்த்தம்.

இனி என் 18 கல்லு. அகேட்ல அரைச்சு வந்த புது ரிசல்ட்ல டான்டலம் ஒழுங்கா ஆயிடுச்சுன்னு சொன்னேன்ல, அதே ரிசல்ட்ல நாலு சாம்பிளுக்கு ஸ்ட்ரான்ஷியம் வகுத்தல் யிட்ரியம் 45ல இருந்து 60. யூரோப்பியம் பள்ளமும் இல்ல. அடங்குவேனா? தண்ணி நெறைஞ்ச மேக்மா, ஆக்சிஜன் நெறைஞ்ச மேக்மா, அடியில ஒரு போர்ஃபிரி இருக்கலாம்னு எழுத ஆரம்பிச்சுட்டேன். இந்த தடவை உஷாரா டங்ஸ்டனையும் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. இருந்தாலும் பாறைக்குள்ள இருக்கிற ஜிர்கான்ங்கற குட்டிப் படிகத்தைப் பிரிச்சு எடுத்து அளந்துடலாம்னு முடிவு பண்ணோம், ஏன்னா ஜிர்கான் பாறையை விட நம்பகமானது, மேக்மா திரவத்துல இருந்தே வளரும், அப்புறம் எதுவும் அதைத் தொடாது, வடக்கு சிலில சுக்கிகமாட்டா பக்கம் 2002லயே ஜிர்கானோட சீரியமும் யூரோப்பியமும் வெச்சு தாது உள்ள மேக்மாவையும் வெறும் மேக்மாவையும் பிரிச்சுக் காட்டியிருக்காங்க. யூரோப்பியம் ரேஷியோ, அதாவது பள்ளம் எவ்வளவு ஆழம்னு சொல்ற நம்பர், கொறையக் கொறைய பள்ளம் பெருசு, அது 0.3, 0.4க்கு மேல வந்தா கொண்டாடலாம். எனக்கு 0.15ல ஆரம்பிச்சு 0.2ஐத் தாண்டவே இல்ல. வறண்ட மேக்மாவோட நம்பர்.

பாறை ஒண்ணு சொல்லுது, அதுக்குள்ள இருக்கிற ஜிர்கான் வேற சொல்லுது. ரெண்டு நாள் மண்டையை ஒடச்சுக்கிட்டு திரும்ப அதே சீனியர்கிட்ட போனேன், ரெண்டு படத்தையும் நீட்டுனேன். அவரு படத்தை வாங்கவே இல்ல.

"கல்லைப் பாத்தியாப்பா?"

அலமாரியில இருந்து மிச்சத் துண்டை எடுத்தேன். விரல் நகம் சைஸ்ல வெள்ளை வெள்ளையா பிளஜியோகிளேஸ், பாதிக்கு மேல அதுதான், மேக்மா அறையில எங்கயோ ஒண்ணா ஒதுங்கிக் குவிஞ்ச படிகம், ஸ்ட்ரான்ஷியமும் யூரோப்பியமும் அதுக்குள்ளதான் இருந்திருக்கு.